பெட்டிக்குள் ஒரு ஜிர்ர்

மறுபடியும் அந்தத் தவில். பாட்டு முழுசாக ஓடினாலாவது ஒரு நியாயம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புருஷன் பாட்டுக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு வெண்ணிலா தன் பாட்டுக்குப் பூண்டு உரித்துவிட்டுப் போவாள். பாட்டு எங்கே ஓடுகிறது? நடுவில் தவில்காரர் கையை ஓங்கி இறக்குகிற அந்த ஒரே ஓர் இடம், அதையே பின்னால் இழுத்து, விட்டு, மறுபடி பின்னால் இழுத்து. தொம். அந்தத் தொம்மின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜிர்ர். காலி டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டால் வருமே, அந்த ஜிர்ர். "வந்துச்சுங்களாண்ணா?" என்கிறான் குணசேகரன், அவள் புருஷன், பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டுக்கொண்டு. "வந்துச்சு, வந்துச்சு" என்கிறார் தாமு அண்ணன். அவர்தான் இந்த ஆம்ப்ளிஃபயரைக் கோத்துக் கொடுத்தவர், இந்த ஸ்பீக்கர் பெட்டியும் அவர் பட்டறையில் அறுத்ததுதான். வந்துவிட்டதாம். சொந்தக்காரர் வந்த மாதிரி சந்தோஷம் இரண்டு பேருக்கும். ஃபேனை நிறுத்தியாகிவிட்டது, ஃபேன் ஓடினால் சத்தத்தில் நுணுக்கம் தெரியாதாம். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது, அது லைனில் இரைச்சலை ஏற்றுகிறதாம். உள்ளே பாப்பாவுக்கு வாங்கின பால் இருக்கிறது, அது என்ன ஏற்றும் என்று யாரும் கேட்கவில்லை. சித்திரை வெயில் கூரைத் தளத்தின் வழியாக இறங்கி முதுகில் உட்கார்ந்திருக்கிறது. தூளிக்குள் நித்திலா. தூளிக் கயிற்றின் நுனி வெண்ணிலாவின் கால் கட்டைவிரலில். விரலை அசைத்தால் தூளி ஆடும், கை பூண்டைப் பார்த்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு, அவளே கண்டுபிடித்தது, எட்டு மாசமாக இந்த வீடு இந்தக் கட்டைவிரலில்தான் ஓடுகிறது. அதற்குத்தான் இன்றைக்கு வேட்டு. காலையில் பல்லில் பிரஷை வைத்துக்கொண்டே சொன்னான்: "இன்னிக்கு அந்த ஜிர்ரு போகலீன்னா தூளிய அடுப்படிக்கு மாத்திப் போடலாம் புள்ள. அந்த ஸ்பிரிங்குதான் அதிருதுன்னு எனக்கு ஒரு டவுட்டு." அடுப்படிக்கு. குக்கர் விசிலடிக்கிற இடத்துக்கு. கடுகு வெடித்துத் தெறிக்கிற இடத்துக்கு. டவுட்டாம்.

இந்த டவுட்டுக்கு ஏற்கெனவே எத்தனை சாமான் பலியாகிவிட்டது என்று நினைத்தால் பூண்டுத் தோலில் நகம் இன்னும் அழுத்தமாக இறங்குகிறது. முதலில் சுவர்க்கடிகாரம் போயிற்று. டிக் டிக் என்கிறதாம், கடிகாரம் வேறு என்ன சொல்லும், வணக்கம் சொல்லுமா? அப்புறம் தினசரிக் காலண்டர், காற்றில்லாமலே தாள் படபடக்கிறது என்று. அதற்கப்புறம் அலமாரியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த சீர் பாத்திரம் அத்தனையும். அம்மா ஒவ்வொன்றிலும் பேர் வெட்டி அனுப்பியது. சில்வர் எல்லாம் கூடச் சேர்ந்து பாடுகிறதாம், குண்டாவும் தூக்குப்போசியும் பின்பாட்டுப் பாடுகிறதாம். பரணில் ஏற்றியாகிவிட்டது. சரி, போகட்டும் என்றிருந்தாள். சப்பாத்தி தேய்க்கிற கருங்கல் பலகை ஒரு நாள் காணோம். தேடித் தேடிப் பார்த்தால் ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் இருக்கிறது. "கனமான கல்லு மேல வெச்சா அதிர்வ குடிச்சுக்கும்" என்றான். சப்பாத்தியை எதன் மேல் தேய்ப்பது, உங்க முதுகு மேலயா என்று கேட்டாள், அவனும் சிரித்தான், இவளும் சிரித்தாள், அப்படிச் சிரித்துச் சிரித்தே ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போனது. அந்தச் செருப்பு விஷயத்தில்தான் சிரிப்பு வரவில்லை. பாத்ரூமுக்கென்று வாங்கின புது ரப்பர் செருப்பு, நீலப் பட்டை, பிரசவத்துக்கு அப்புறம் வழுக்கக் கூடாது என்று அவளே சந்தையில் அழுத்திப் பார்த்துப் பொறுக்கினது. அதைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பெட்டிக்கு நாலு மூலையிலும் கொடுத்திருக்கிறான். அவனுடைய பழைய செருப்பு வாசலில் தேய்ந்துபோய்க் கிடந்தது, அதை வெட்டக் கூடாதா என்றால், பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும், புதுசுதான் அதிர்வைத் தாங்கும் என்கிறான். பெட்டி நடப்பதற்குப் புதுச் செருப்பு. பெண்டாட்டி வெறுங்காலோடு ஈரத் தரையில்.

தொம். ஜிர்ர். "இது ஹம் இல்ல குணா" என்கிறார் தாமு அண்ணன். நல்ல மனுசர், நரைத்த மீசை, எப்போது வந்தாலும் பாப்பாவுக்கு பன் வாங்கி வருவார், அதற்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை என்பது ஞாபகத்தில் இருக்காது. "ஹம்முன்னா ம்ம்ம்முன்னு நிக்காம வரும், பாட்டு இல்லாதப்பவும் வரும். அது எர்த்துனால, இல்லாட்டி டிரான்ஸ்பார்மர் லூசானா. அத நான் போன வாரமே முடுக்கீட்டேன். இது தொட்டாத்தான் கத்துது பாரு. அடி உழறப்ப மட்டும். ஏதோ ஒண்ணு லூசா இருக்குது, கூட அதிருது." ஏதோ ஒன்று லூசாக இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கித் தூளியைப் பார்க்கிறார்கள். வெண்ணிலாவின் கட்டைவிரல் தானாக நின்றுவிடுகிறது. எட்டு மாசக் குழந்தையைப் போலீஸ் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார்களே, இவர்களை என்ன செய்தால் தகும். "ஏனுங்க, ஸ்பிரிங்க நான் கையில புடிச்சுக்கறேன், ஒருக்கா போட்டுப் பாருங்க" என்று எழுந்து, தலைக்கு மேல் கையை நீட்டி, சூடேறிப் போயிருந்த கம்பிச் சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தொம். ஜிர்ர். "பாத்தீங்களா, இது இல்லை." யார் காதில் விழுந்தது? அவர்கள் இரண்டு பேர் தலையும் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

காது. அதுதான் அவளுக்குப் புரியாத விஷயம். வாரம் முழுக்கத் தறிக்கூடத்தில் நிற்கிறான், பள்ளிபாளையத்தில் இந்தத் தெரு முழுக்கத் தறிதான், விசைத்தறி ஓடுகிற வீட்டுக்கும் ஓடாத வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அந்த டடக் டடக்கில் பக்கத்தில் நின்று கத்தினாலும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் அவன் பேசுவதே சண்டை மாதிரி இருந்தது, தறிக்காரர் எல்லாரும் அப்படித்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. ராத்திரி பாப்பா வீறிட்டால் அவனுக்குக் கேட்காது. உலுக்கினால் எழுந்து "ஏம்புள்ள, அழுதாளா?" என்பான். அந்தக் காதுக்குப் பெட்டிக்குள் இருக்கிற மயிரிழை ஜிர்ர் மட்டும் எப்படிக் கேட்கிறது? ஒருவேளை காது கேட்பதில்லையோ, மனசு எதைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறதோ அது கேட்கிறதோ. அப்படியென்றால் இன்னும் மோசம். அப்படியென்றால் பாப்பா அழுவதை, ஐயோ வேண்டாம், அந்தப் பக்கம் நினைப்பைக் கொண்டு போக வேண்டாம், அவன் கெட்டவன் இல்லை, பாப்பாவுக்குச் சளி பிடித்தபோது சட்டைப் பட்டன்கூடப் போடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன். ஆனாலும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தறி நிற்கிறது, தெருவே காதைக் கழற்றி வைத்த மாதிரி இருக்கிறது, அந்த ஒரு நாளும் வீட்டுக்குள் தவில். பாப்பாவோ தறிச் சத்தத்தில் பிறந்தது, தறி நின்றால்தான் திடுக்கென்று விழிக்கும். இப்போது விழித்துக்கொண்டிருக்கிறதா தூங்குகிறதா? துணி அசையவில்லை. கயிற்றை லேசாக இழுத்துப் பார்க்கிறாள். துணிக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கால் சேலையை உதைக்கிறது. சரி. மூச்சு வருகிறது.

மூச்சு வருகிறதா என்று பார்க்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம், பச்சைத் துணி ஸ்கிரீன், வயிற்றில் ஜில்லென்று ஜெல்லி. நர்சம்மா கையில் ஒரு சின்ன மைக் மாதிரி, இன்னொரு கையில் தீப்பெட்டி சைஸில் ஒரு ஸ்பீக்கர். அதை வைத்து அழுத்தினால் முதல் தடவை டகடக டகடக என்று குதிரை ஓடுகிற மாதிரி வந்தது, "அதான் உம்பட பாப்பா" என்றார் நர்சம்மா, இவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அடுத்த மாசம் போனபோது வரவில்லை. அங்கே வைத்தார், இங்கே வைத்தார், வெறும் கர்ர், கர்ர், ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத கர்ர். நர்சம்மா பேச்சை நிறுத்திவிட்டார். சிரித்துப் பேசிக்கொண்டே இருக்கிற மனுஷி, வாயை மூடிக்கொண்டார், அதுதான் பயம். ஸ்கிரீனில் ஒரு மூலையில் ஊசி குத்தின ஓட்டை இருந்தது, அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது, அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கர்ர். கர்ர். அந்த இரைச்சல் முழுவதையும் காதால் அலசினாள், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, ஒரே ஒரு டக் கிடைத்தால் போதும். அப்புறம் நர்சம்மா அவளை ஒருக்களிக்கச் சொன்னார், குதிரை ஓடி வந்துவிட்டது, திரும்பிப் படுத்துக்கொண்டிருந்ததாம் குட்டி. வீட்டுக்கு வந்து சொன்னபோது குணா என்ன கேட்டான்? "அந்த ஸ்பீக்கர்ல நாய்ஸ் ஜாஸ்தியா இருந்திருக்குமோ?" அப்படித்தான் கேட்டான். அன்றைக்கும் சிரித்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் சிரித்த மூஞ்சி என்று ஊரெல்லாம் பேர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வரிசையில் நிற்கிறபோதுகூடச் சிரித்துக்கொண்டே நின்ற பேர். சிரித்த மூஞ்சிக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது?

"அம்மிணி, ஒரு திருப்புளி இருக்குங்களா, சின்னது" என்கிறார் தாமு அண்ணன். தையல் மிஷின் டிராயரில் இருந்து எடுத்துக் கொடுக்கிறாள். கயிறு விரலில் இருந்து நழுவுகிறது, மாட்டிக்கொண்டு திரும்ப உட்கார்கிறாள். பெட்டியின் முன்பக்கக் கறுப்புத் துணிச் சட்டத்தை இரண்டு பேருமாக நெம்பிக் கழற்றுகிறார்கள். வட்டமாக, கறுப்பாக, காகிதக் கூம்பு. கழற்றின கையோடு தாமு அண்ணன் "அட சண்டாளமே" என்று பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறார். கூம்பின் மேல் மூன்று இடத்தில் சந்தனம். லாரி முன்கண்ணாடிக்கு வைக்கிற மாதிரி, விரல் கனத்துக்கு, நடுவில் குங்குமம். காய்ந்து, வெடித்து, ஒரு பொட்டு பாதி பெயர்ந்து, ஒட்டியும் ஒட்டாமலும் தொங்குகிறது. தாமு அண்ணன் கூம்பை விரலால் லேசாகத் தட்டுகிறார். ஜிர்ர். "இந்தா உன்ற வண்டு! ஏப்பா, காயிதம் அதிர்றதுதான் சத்தமே. அது மேல கொண்டுபோய் இத்தனை சந்தனத்த அப்பியிருக்குது. ஏனுங் அம்மிணி, ஸ்பீக்கருக்குப் பொட்டு வெச்சு அழகு பாத்தீங்களாக்கும்?" சிரிக்கிறார். நல்ல சிரிப்புத்தான், கேலியில்கூட விஷம் இல்லை. வெண்ணிலா குணாவைப் பார்க்கிறாள். குணா திருப்புளியைப் பார்க்கிறான். "பொம்பளைங்க கையில சாமான் சிக்குனா அவ்வளவுதான்" என்று தாமு அண்ணனே ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார். குணா "ஆமாங்" என்றும் சொல்லவில்லை, "இல்லீங்" என்றும் சொல்லவில்லை. மூக்கின் வழியாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அந்த மூக்குச் சிரிப்பு.

அந்த மூக்குச் சிரிப்பிலேயே அவள் நினைப்பு போய்ச் சிக்கிக்கொள்கிறது, எடுக்க எடுக்க வரவில்லை. யார் வைத்தது? பெட்டி வீட்டுக்கு வந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் பாப்பா பிறந்த பிறகு முதல் தடவையாக அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தூரமானாள். அடுப்படித் திண்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அவன்தான் குளித்தான், அவன்தான் சந்தனத்தைக் குழைத்தான், அளவு தெரியாமல் தண்ணீரைக் கொஞ்சமாக விட்டுக் களியாகக் குழைத்தான், "புள்ள, எங்க வெக்கறது?" என்று அங்கிருந்தே கேட்டான், "பெட்டி மேல வெய்யுங்க" என்றாள், "பாலீசு கறையாயிரும்" என்றான். பாலீஷ் கறையாகக் கூடாது. அதனால் துணியைக் கழற்றி உள்ளே காகிதத்தில். எலுமிச்சம்பழம் சுற்றினது அவன், கற்பூரம் காட்டினது அவன். இவள் பூஜைத் தட்டைக்கூடத் தொடவில்லை, தொட்டிருக்கவே முடியாது, அதுதான் சாட்சி. அது எப்படிப்பட்ட சாட்சி? வாயைத் திறந்து சொல்ல முடியாத சாட்சி. அன்னிக்கு நான் தூரம் என்று ஓர் ஆம்பிளைக்கு முன்னால், அண்ணன் என்று கூப்பிடுகிற மனுசருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? குணாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் மூக்கால் சிரிக்கிறான். இவள் சொல்ல மாட்டாள் என்கிற தைரியம். எத்தனை சின்ன தைரியம். சண்டை போட்டு ஜெயித்தால்கூட மன்னித்துவிடலாம், வாயைக் கட்டிவிட்டு ஜெயிக்கிறானே. ஒரு சந்தனப் பொட்டு, போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? கடிகாரத்தை விட்டாள். பாத்திரத்தை விட்டாள். அன்றைக்கு அந்தக் கர்ர் சத்தத்தையே விட்டுவிட்டாளே. தூரம், தூரம், இந்த வார்த்தை நாக்கின் அடியில் பூண்டுப் பல் மாதிரிக் காரமாகக் கிடக்கிறது.

"அம்மிணி, பாப்பாவுக்கு வெச்சிருக்கற பஞ்சு இருந்தாக் கொஞ்சம்." கொடுக்கிறாள். அதையும் கொடுக்கிறாள். தாமு அண்ணன் பஞ்சை நனைத்து, ஒற்றி ஒற்றி எடுக்கிறார், காகிதம் கிழியாமல், குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல. அழுத்தம் தாங்காத இடத்தில் ஊதி ஊதி எடுக்கிறார். ஈரம் காயட்டும் என்று கொஞ்ச நேரம் அட்டையால் விசிறுகிறார்கள். பெட்டிக்கு விசிறி. நித்திலாவின் கழுத்து மடிப்பில் வேர்க்குரு சிவந்து கிடக்கிறது. அப்புறம் போடுகிறார்கள். தொம். தொம் மட்டும். வால் இல்லை. உருண்டையாக, முழுசாக, தவில்காரர் கூடத்திலேயே உட்கார்ந்து அவள் நெஞ்சுக் குழியில் கையை வைத்த மாதிரி. அதைத் தொடர்ந்து நாயனம் எழும்புகிறது, மூச்சு எடுக்கிறதுகூடக் கேட்கிறது. ஐயோ, நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு நாள் இதற்குள் இது இருந்ததா? மேலெல்லாம் புல்லரிக்கிறது, அதுவும் ஆத்திரமாக வருகிறது, கோபமாக இருக்கிறபோது இப்படி நன்றாக இருந்து தொலைக்க வேண்டுமா? குணா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். அவன் முகத்தில் அப்படி ஓர் அமைதியை அவள் எப்போதும் பார்த்ததில்லை, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், போகட்டும் என்று நினைக்கிறாள். மனசு லேசாகி, விரல் தானாகக் கயிற்றை இழுக்கிறது, தூளி ஆடுகிறது. கிறீச்.

குணா கண்ணைத் திறந்தான். "கேட்டீங்களாண்ணா? இப்பத்தான் தெரியுது பாருங்க. அந்த ஜிர்ரு போனதுந்தான் இது வெளிய வருது." தாமு அண்ணன் காதைச் சாய்த்தார். "ஆமா, லேசா ஒரு கிறீச்சு." "நாஞ் சொன்னேன்ல? புள்ள, தூளிய உள்ள மாத்திரு. இப்பவே மாத்திரலாம், நான் கொக்கிய கழட்டித் தாரேன்."

வெண்ணிலா பூண்டுத் தட்டை ஓரமாக வைத்தாள். கயிற்றை விரலில் இருந்து கழற்றிச் சேலைத் துணியில் செருகினாள். அடுப்படிக்குப் போய் அரிசிச் சாக்கு ஒன்றை உதறி எடுத்துக்கொண்டு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் விரித்தாள். இரண்டு பேரும் அவள் தூளிக்குத்தான் ஏதோ செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் பெட்டியைத் தோளால் ஒரு பக்கம் சாய்த்துச் சாக்கின் மேல் ஏற்றினாள். ஊரில் நெல் மூட்டையை இப்படித்தான் நகர்த்துவார்கள், தூக்கக் கூடாது, இழுக்க வேண்டும்.

"ஏய், என்ன பண்ற, ஒயரு அந்துரும்!"

"ஒயர அவுத்து உடுங்க" என்றாள். "ஏனுங்ண்ணா, அப்புறம் ஒண்ணு. அந்தச் சந்தனத்த நான் வெக்கலீங். பெட்டி வந்த அன்னிக்கு நான் வீட்டுக்குத் தூரம். பூஜை சாமான் எதையும் நான் தொடலை. அவருதான் வெச்சாரு, பாலீசு கறையாகுதுன்னு உள்ளுக்குள்ள வெச்சாரு."

சொல்லியாகிவிட்டது. வீடு இடிந்து விழவில்லை. தாமு அண்ணன் ஒரு நொடி அவளைப் பார்த்தார், குணாவைப் பார்த்தார், அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து வந்து ஒயரை அவிழ்த்துவிட்டு, சாக்கின் மறு முனையைப் பிடித்தார். "நவத்துங்க அம்மிணி, நிலைப்படி இடிக்காம." அவள் இழுத்தாள். அவர் தள்ளினார். பெட்டி தரையில் கரகரவென்று நகர்ந்து, நிலைப்படியில் ஒரு தடவை தயங்கி, அடுப்படிக்குள் போய் கேஸ் சிலிண்டருக்கும் மாவு டப்பாவுக்கும் நடுவில் நின்றது. அதற்கு நேர் மேலே சுவரில் எண்ணெய்ப் புகை படிந்த திட்டு. அவள் திரும்பி வந்து ஃபேன் சுவிட்சைப் போட்டாள். தூளித் துணி காற்றில் உப்பியது.

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது?" குணா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். தறிக்கூடத்துக் குரல் வந்துவிட்டது. "அங்க எப்படி வெக்கறது? அடுப்புச் சூடு ஆகுமா அதுக்கு? குக்கர் ஆவி பட்டாக் காயிதம் ஊதிக்கும். தாளிக்கறப்ப எண்ணெ தெறிக்கும், புகை பூரா உள்ள போயி அடைஞ்சுக்கும், ஒரு மாசம் தாங்காது, அது எவ்வளவு..."

அவன் கண் தூளிக்குப் போய், பெட்டிக்குத் திரும்பியது. தாமு அண்ணன் தரையில் இருந்த திருப்புளியைக் குனிந்து எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

வெண்ணிலா தூளிக்குள் கையை விட்டு நித்திலாவின் கழுத்து வேர்வையை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். சிரித்த மூஞ்சிதான், சிரிக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள். "இன்னும் என்னென்ன ஆகும்?"